அப்பாயியின் குரலும் ஐம்பது ஹெர்ட்ஸும்

ஹந்தானை மலைச்சரிவில் உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் 1994ஆம் ஆண்டு நான் ஒலிப்பதிவு செய்த மூதாட்டி ஒருவரின் பேச்சு, சென்ற மாதம் என்னை மூன்று இரவுகள் உறங்கவிடவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவ்வாறு போனவர்களுள் மூதாட்டியின் தமக்கையும் ஒருவர். கண்டிப் புகையிரத நிலையத்தில் அவரை வழியனுப்பிய கதையைத்தான் ஒரு மணிநேரம் சொல்லியிருந்தார். தலைமன்னார்த் துறைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டியை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். பத்திரிகையில் வெளிவந்தது பதினைந்து வரி. மிகுதி ஒலிநாடாவோடு தங்கிவிட்டது.

இப்போது ஆசிரியையாக இருக்கும் அவரது பேர்த்தி தேடி வந்து, "அப்பாயி பேசினது இருக்குதா சேர்?" என்று கேட்டார். லினக்ஸ் கணினியில் ஒலிக்கவிட்டேன். சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, "இது எங்க அப்பாயி இல்ல சேர். யாரோ சின்னப் பொண்ணு அவசர அவசரமா பேசுது" என்றார்.

மூல நாடாவோ கண்டியின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போயிற்று. எஞ்சியது இந்தக் கோப்பு மட்டுமே.

முதலில் கணினியையே சந்தேகித்தேன். பத்திரிகைக்காரனின் பழக்கம், குற்றவாளியை வெளியே தேடுவது! ஒலியைக் கையாளும் பைப்வயர் வழக்கமாக நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் இயங்கும். வேறு கணக்கில் பதிவான கோப்பைத் தானே மாற்றிக்கொள்ளும். மற்றப் பாடல்கள் யாவும் சரியாகவே ஒலித்தன. ஆகவே பிழை கோப்பில்தான்.

நாடாவைக் கணினிக்கு மாற்றித் தந்த நண்பர் தலைப்புத் தகவல் ஏதுமற்ற வெறும் தரவாகத் தந்திருந்தார். பின்னர் அதை ஒலிக்கோப்பாக்கியவன் நானே. வேக எண்ணைக் கேட்டபோது 48,000 என்று கொடுத்தேனோ? குறுந்தட்டின் கணக்கான 44,100 ஆக இருந்திருந்தால் பேச்சு ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரைவாகும். குரலும் அவ்வளவுக்கு உயரும். ஒரு மணிநேரம் ஐம்பத்தைந்து நிமிடமாகச் சுருங்கும். ஆனால் ஊகத்தை வைத்து ஒருவரின் குரலைத் தீர்மானிக்கலாமா?

சாட்சி பின்னணியில் இருந்தது. அன்று மின்கலம் தீர்ந்துவிட்டதால் தோட்டப் பாடசாலையின் மின்சாரத்தில் பதிகருவியை இணைத்திருந்தேன். அதனால் புகுந்த ‘ம்ம்’ என்ற முனகலை அக்காலத்தில் எவ்வளவு சபித்திருப்பேன்! இலங்கையின் மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ். முனகலும் அங்கேதான் நிற்கவேண்டும். ஒடாசிட்டி மென்பொருளில், அவர் பேச்சை நிறுத்திய ஓர் இடைவெளியைத் தெரிவுசெய்து அலைவரிசைப் படம் வரைந்தேன். முகடு 54இல் நின்றது. 50ஐ 48,000ஆல் பெருக்கி 44,100ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஒலித்தடத்தின் பட்டியலில் வேக எண்ணை 44,100 ஆக்கினேன். முகடு ஐம்பதுக்கு இறங்கியது. (‘மறுமாதிரியாக்கம்’ என்பதைத் தொட்டுவிடாதீர்கள், அது எண்ணை மாற்றிப் பிழையை அப்படியே காப்பாற்றும். ‘டெம்போ’வை மாற்றினால் பேச்சு மெதுவாகும், குரல் உயர்ந்தே இருக்கும்.)

ஞாயிறன்று பேர்த்தி மீண்டும் வந்தார். கோச்சி நகர்ந்ததும் தமக்கை சன்னல் வழியே கையை நீட்டிய இடத்தில் மூதாட்டி நெடுநேரம் பேசாமலிருப்பார். அந்த மௌனம் முடிந்து மூச்சை இழுத்துக்கொண்டு அவர் மறுபடி தொடங்கியபோது, "இதுதான் சேர்" என்று கைப்பேசியை நீட்டினார், பிரதி எடுத்துக்கொள்ள.