எட்டு பாயின்ட்

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா மகன் செல்போனில் செஸ் ஆடிக்கொண்டு வந்தான். ரெண்டு வளைவு திரும்பியதும் சிக்னல் போச்சு. "மாமா, ஜெயிக்கிற ஆட்டம்! எட்டு பாயின்ட் போயிடுச்சு!" ஊர் வரும்வரை முகம் தொங்கித்தான் இருந்தது.

செஸ்ஸில் ஆடுபவரின் தரத்தைக் காட்டும் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. எலோ என்ற தரவரிசைக் கணக்குப்படி, எதிராளியைவிட 200 தரப்புள்ளி கூடுதலாக உள்ளவர், நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார். பலகையில் ஒற்றை ஆள், வெற்றி தோல்வி அவன் பாடு. (கல்வராயன் மலைச் சிக்னல் கணக்கில் வராது.)

நான் ஆடுவது பிரிட்ஜ் சீட்டாட்டம். அது ஜோடி ஆட்டம். பார்ட்னர் ஏலத்தைத் தப்பாகக் கேட்டால் என் தலையும் சேர்ந்து உருளும். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் நம் தகுதியை நாமே போட்டுக்கொள்ளலாம். அதனால் 'எக்ஸ்பர்ட்'டுகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு எக்ஸ்பர்ட் பார்ட்னர் என் ஏஸ் மேலேயே துருப்பை இறக்கினார்!

அதற்காக செஸ் மாதிரி எல்லார் நெற்றியிலும் எண்ணை ஒட்டலாமா? ஒட்டினால் புதுசாக வருகிறவனோடு யார் உட்காருவார்கள்? 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஜோடியாகத் தங்கம் வாங்கினார்கள். அதில் யாருக்கு எத்தனை பங்கு? பலரோடு மாறி மாறி ஆடினால் கணக்கு ஓரளவு பிரித்துக் காட்டும்தான். காட்டட்டும், எனக்கு மட்டும்.

மறுநாள் மலை இறங்கினோம். சிக்னல் நன்றாகவே இருந்தது. அவன் ஆடவில்லை. பாயின்ட் இன்னும் இறங்கிவிடுமாம்.