பாராமகால் மலைகளை வரைந்த இருவர்

தருமபுரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் இரயிலில் சாளரத்தோரமாய் ஓர் இடம் வாய்த்தால் அது பெரும் பேறு. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை, கெலமங்கலம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல, இருபுறமும் மலைகள் நம்முடன் நடந்து வருவன போலத் தோன்றும். சில, படுத்த யானையைப் போன்றவை. சில, கவிழ்த்து வைத்த பானையைப் போன்றவை. அவற்றின் அடிவாரத்தில் கேழ்வரகுக் கொல்லையும், தக்காளித் தோட்டமும், மாந்தோப்புமாய் நம் மக்களின் வாழ்வு விரிந்து கிடக்கின்றது. ஆயினும், அன்றாடம் இவ்வழியே செல்வோர் தலை நிமிர்ந்து அம்மலைகளை நோக்குவது அரிது. கண் முன்னே எப்போதும் இருப்பதைக் காண மறப்பது மனித இயல்பு அல்லவா?

இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னர், 1792ஆம் ஆண்டில், இம்மலைகளை நின்று நோக்கிய அயல்நாட்டார் இருவர் இருந்தனர். தாமஸ் டேனியல் என்பவரும், அவர்தம் உடன்பிறந்தாரின் மகனாகிய வில்லியம் டேனியல் என்பவரும் ஆகிய அவ்விருவரும் ஆங்கில ஓவியர்கள். திப்பு சுல்தானின் காலத்தவர்களான அவர்கள் தீட்டிய ஓவியங்களில் இராயக்கோட்டையும், வீரபத்திர துர்க்கமும், ஜகதேவியும், ஓசூரும் இடம் பெற்றுள்ளன. நம் பகுதியின் இயற்கைக் கோலத்தைத் தாளில் பதித்து உலகறியச் செய்தோருள் முற்பட்டவர்கள் இவர்கள். இவர்தம் வரலாற்றை நம் குடும்பத்தினர் அறிந்திருப்பது நலம்.

முதலில் இடத்தின் வரலாற்றைச் சற்றே நினைவு கூர்வோம். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அவற்றைச் சூழ்ந்த சில பகுதிகளும் அந்நாளில் பாராமகால் என்று வழங்கப்பட்டன. 'பாரா' என்பது பன்னிரண்டு. 'மகால்' என்பது மாளிகை. ஜகதேவராயர் என்னும் தலைவர் தம் பன்னிரு மைந்தர்க்கும் பன்னிரு கோட்டைகளை அளித்தார் என்றொரு மரபுக் கதையும் உண்டு. மைசூரிலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இங்கே அமைந்திருந்தமையால், படைகள் ஏறுவதும் இறங்குவதும் இந்நாட்டின் தலைவிதியாயிற்று. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 ஜூலையில் இராயக்கோட்டை ஆங்கிலக் கம்பெனியாரின் கைக்கு மாறியது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் மாக்ஸ்வெல் என்னும் தளபதியின் படை பென்னாகரத்து மண்கோட்டையை ஏணி சார்த்தி ஏறிப் பிடித்தது. உள்ளே இருந்த காவலருள் பெரும்பாலோர் மடிந்தனர். அடுத்த மாதம் அதே படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கித் தோல்வியுற்றுத் திரும்பியது. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தம் புதல்வர் இருவரைப் பிணையாக ஒப்புவித்தார். பாராமகால் கம்பெனியின் வசமாயிற்று. இதன் முதல் ஆட்சியராக அலெக்சாண்டர் ரீடு அமர்ந்தார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ, அந்நாளில் அவருக்குத் துணையாகத் தருமபுரியில் பணியாற்றினார்.

உடன்படிக்கை முடிந்த மறு மாதமே, ஏப்ரலில், டேனியல் இருவரும் சென்னையிலிருந்து புறப்பட்டனர். போர் நடந்த பாதையிலேயே அவர்களுடைய பயணமும் அமைந்தது. அதற்குக் காரணம் உண்டு. மைசூர்ப் போரின் செய்திகள் கல்கத்தாவிலும் இலண்டனிலும் ஆவலுடன் படிக்கப்பட்டன. செய்தியில் படித்த கோட்டைகளைச் சித்திரத்தில் காண விரும்பியோர் பலர். இராபர்ட் ஹோம் என்னும் மற்றோர் ஓவியர் படையுடனேயே சென்று, திப்புவின் மைந்தர் பிணையாக ஒப்புவிக்கப்பட்ட காட்சியைத் தீட்டியதோடு, மைசூர் நாட்டுக் காட்சிகளை 1794இல் நூலாகவும் வெளியிட்டார். ஓவியமும் ஒரு தொழில். ஓவியனுக்கும் வயிறு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

தாமஸ் டேனியல் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். 1749இல் பிறந்த அவர், ஒரு விடுதிக்காரரின் மகன். இளமையில் கோச்சு வண்டிகளுக்கு வண்ணம் தீட்டிச் சின்னங்கள் எழுதும் தொழிலையே பயின்றார். பின்னர், 1773இல் இலண்டன் அரச கலைக்கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார். 1779இல் வில்லியமின் தந்தை இறந்தார். அப்போது சிறுவனுக்கு வயது ஏறத்தாழப் பத்து. தாமஸ் அவனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். உணவும் உறையுளும் அளித்தார். அவற்றினும் மேலாகத் தம் கைத்தொழிலையும் கற்பித்தார். 1785இல் கப்பலேறியபோது வில்லியம் 15, 16 வயதுச் சிறுவன். சீனத்தின் வழியாக இருவரும் 1786இல் கல்கத்தாவை அடைந்தனர். அந்நகரின் காட்சிகளைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டு விற்று, அப்பொருளைக்கொண்டு வட இந்தியா முழுவதும் சுற்றி, இமயத்தின் கார்வால் மலைப்பகுதி வரை சென்றனர்.

தென்னாட்டுப் பயணத்தில் இரு பல்லக்குகள் உடன் வந்தன; அவற்றைச் சுமந்தோர் மட்டுமே இருபதின்மருக்கு மேல். பாராமகால் வழியே பெங்களூர் சென்று திரும்பிய பின், சங்ககிரி, திருச்சிராப்பள்ளி, மதுரை, பாபநாசம், கன்னியாகுமரி, இராமேசுவரம், தஞ்சை என்று அவர்கள் சுற்றிய தொலைவு நம்மை மலைக்க வைக்கின்றது. 1793இன் தொடக்கத்தில் மீண்டும் சென்னையை அடைந்தனர். புகைப்படக் கருவி பிறவாத காலம் அது. இருட்டறைப் பெட்டி என்னும் சாதனத்தின் துணைகொண்டு, கண்ணாடி வில்லை வழியே தாளின் மீது விழும் காட்சியின் கோடுகளை முதலில் பென்சிலால் பதிந்துகொள்வர். பின்பு அதனை விரிவாக்குவர்.

1794இல் நாடு திரும்பிய பிறகே மெய்யான உழைப்பு தொடங்கிற்று. செப்புத் தகட்டின் மீது குங்கிலியத் தூளைப் படிய வைத்து, சூடேற்றி ஒட்டச் செய்து, அமிலத்தில் இட்டு அரிக்கச் செய்வது ஒரு முறை. துகள்களுக்கு இடையே உள்ள செம்பு மட்டும் அரிக்கப்படும். அமிலத்தில் குறைந்த நேரம் இருந்த பகுதி வெளிர்நிழலாகவும், நெடுநேரம் இருந்த பகுதி கருநிழலாகவும் அச்சில் விழும். வானமும் பாறையும் இவ்வாறே நிழல்பெற்றன; அச்சான பின் கையால் வண்ணமும் தீட்டப்பட்டன. இக்கலையில் தேர்ச்சி பெறும்பொருட்டு, வில்லியம் ஏழாண்டுகள் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை உழைத்தார் என்று சொல்லப்படுகின்றது. 1795 முதல் 1808 வரை, ஆறு பகுதிகளாக, 144 படங்களுடன் வெளிவந்த 'ஓரியண்டல் சீனரி' என்னும் பெருந்தொகுப்பு அவ்வுழைப்பின் பயன். தாமஸ் 1799இலும் வில்லியம் 1822இலும் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினராயினர். வளர்ந்த மகன் 1837இல் முந்திக்கொள்ள, வளர்த்தவர் தொண்ணூறு வயது கடந்து 1840இல் மறைந்தார். தாமஸ் மணம் புரியாதவர். ஆயினும், தந்தையின் கடமையைக் குறைவின்றி ஆற்றியவர் என்று அவரைத் துணிந்து கூறலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்கு இளைஞர் சிலருடன் இராயக்கோட்டை மலையில் ஏறினேன். இன்று அவ்வூர், 2004இல் தருமபுரியினின்று பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மேலே இடிந்த மதில்களும், பாறைச் சுனைகளும், கதிரவன் காய்ந்த மௌனமும் இருந்தன. டேனியலின் படத்து அச்சுப்படி ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். கல்லுடைக்கும் குடும்பத்தில் பிறந்த இளைஞன் ஒருவன் அதை நெடுநேரம் உற்று நோக்கினான்.

"சாமி, இந்த வெள்ளைக்காரங்களைப் பல்லக்குல தூக்கிட்டு வந்தவங்க பேரு எங்கேயாவது எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டான்.

"இல்லை, தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவ்வினா இப்படங்களின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டிவிட்டது. இவ்வோவியர்கள் பாறையை மதித்தனர், ஒளியை மதித்தனர். மலையின் உயரத்தைச் சற்றே மிகுத்துக் காட்டுவது அக்கால ஓவியர் பலரின் வழக்கமாயினும், நாட்டின் தோற்றத்தை உண்மையோடு பதிய முயன்றனர். இத்தாலியப் புகைப்படக் கலைஞரான அந்தோனியோ மார்த்தினெல்லி 1990களில் அவர்கள் நின்ற இடங்களைத் தேடிச் சென்று அதே காட்சிகளைப் படம் பிடித்தபோது, பல இடங்கள் இன்றும் அடையாளம் காணக் கிடைத்தன. ஆனால், பென்னாகரத்தில் மடிந்தவரின் மனைவி மக்கள் அழுத அழுகை அமைதியான இம்மலைக் காட்சிகளில் இல்லை. அவற்றில் மலையே தலைவன். மனிதன் அளவு காட்டுவதற்கு நிறுத்திய சிற்றுருவம். அழகு உண்மையின் ஒரு பாதி. மறுபாதியை வரலாற்றிலிருந்து நாமே கேட்டுப் பெற வேண்டும்.

இம்மண்ணில் தூரிகை எடுத்தோர் அவ்விருவர் மட்டுமே என்று எண்ணிவிடவும் வேண்டா. பர்கூரை அடுத்த மல்லப்பாடியின் பாறையில், குதிரை மீதமர்ந்து போரிடும் உருவங்களை வெண்ணிறத்தில் வரைந்த முன்னோர், பெயரின்றியே போயினர். அதியமான்கோட்டைச் சென்னராயப் பெருமாள் கோவிலின் மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகளைத் தீட்டிய கைகளும் அத்தகையனவே. இலண்டனில் அச்சானவரின் பெயர் நிலைத்தது. இங்கேயே வாழ்ந்து வரைந்தவரின் பெயர் மறைந்தது.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். பீரங்கிக்கும் அசையாத நம் மலைகள், இன்று வெடிமருந்துக்கும் அறுவை இயந்திரத்துக்கும் அசைகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக் கருங்கல் கடல் கடந்து செல்கின்றது, மாளிகைகளின் தளமாகின்றது, நம் கல்லறைத் தோட்டங்களிலும் பளபளக்கும் பலகையாகின்றது. கல் வெட்டும் தொழிலால் உண்ணும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உள்ளன. அவர்களின் அடுப்பு அணைய வேண்டும் என்று எவரும் கூறார். எனினும், சாலை போடவும் வீடு கட்டவும் வேண்டிய கல்லை அளவறிந்து எடுப்பது வேறு. ஒரு மலையே இருந்த இடம் தெரியாமல் போவது வேறு. மலை மறைந்தால் அதன் சரிவில் வழிந்து ஏரியை நிரப்பிய நீரின் வழியும் மறையும். மேய்ச்சல் நிலமும் மறையும். மீண்டும் படைத்துத் தர நம்மால் இயலாத பொருள் அது.

வாசக அன்பர்களே, வரும் விடுமுறையில் பொருட்செலவு மிக்க பயணத்தைத் தேடி அலைய வேண்டா. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் மலையடிவாரத்துக்குச் செல்லுங்கள். ஒரு தாளும் பென்சிலும் அவர்கள் கையில் கொடுங்கள். கோணலாக வரைந்தாலும் குற்றமில்லை. வரையும் கை, காணும் கண்ணைத் திறக்கும். பெற்றோரை இழந்த பிள்ளை எவரேனும் உறவில் இருந்தால், அப்பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, மலையின் பெயரையும், சுனையின் பெயரையும், அங்கே ஆடு மேய்த்தவரின், கல்லுடைத்தவரின் பெயரையும் படத்தின் கீழே எழுதச் சொல்லுங்கள். டேனியலின் படங்களில் இடம் பெறாத அப்பெயர்கள், நம் பிள்ளைகளின் படங்களிலாவது இடம் பெறட்டும்.