பிந்தி வந்த ஒரு திருத்தம்

பத்திரிகையில் ஒரு பிழை அச்சாகிவிட்டால், அடுத்த இதழின் உள்பக்கத்து மூலையொன்றில் 'திருத்தம்' என்று தலைப்பிட்டு நான்கு வரி போடுவது வழக்கம். அதைப் படிப்பவர் சிலரே. எனினும் போட்டேயாக வேண்டும் என்பது தொழிலின் ஒழுங்கு. 1996 இல் நான் செய்த பிழையொன்றுக்கு அந்த நான்கு வரி இன்றுவரை வெளிவரவில்லை.

அக்காலத்தில் கொழும்பில் நாளிதழொன்றின் ஆசிரியபீடத்தில் இளநிலை உதவியாசிரியராக இருந்தேன். ஞாயிறு பதிப்பில் மூலிகைகள் பற்றிய சிறு பத்தி ஒன்று வந்துகொண்டிருந்தது. வழமையாக எழுதும் வைத்தியர் ஒரு வாரம் எழுதி அனுப்பவில்லை. பக்கம் அச்சுக்குப் போக இரண்டு மணி நேரமே இருந்தது. நான் கலைப்பட்டதாரி. தாவரவியலுக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, பேராதனையில் படித்த காலத்தில் பூங்காவின் வாயிலைக் கடந்து பேரூந்தில் போய்வந்ததுதான். ஆயினும் பழைய மூலிகை நூலொன்றை எடுத்துவைத்துக்கொண்டு துணிந்து எழுதத் தொடங்கினேன். எடுத்துக்கொண்ட செடி தொட்டாற்சுருங்கி.

நூலில் அதற்கு மஞ்சள் நிறப் பூ என்றிருந்தது. கிளையற்ற தனித் தண்டு என்றும் இருந்தது. முள்ளைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குத் தெரிந்த தொட்டாற்சுருங்கியோ நிலத்தில் படர்வது, காலைக் கிழிப்பது, பஞ்சுருண்டை போன்ற இளஞ்சிவப்புப் பூப் பூப்பது. நூலாசிரியர் தவறிவிட்டார் என்று முடிவுகட்டினேன். தோற்றத்தை நான் அறிந்தபடி 'திருத்தி'னேன். மருந்துப் பயன்களை நூலில் இருந்தபடியே விட்டேன். ஒரு செடியின் உடம்புக்கு வேறொரு செடியின் குணங்களைப் பூட்டி, ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பிவைத்தேன்.

பத்து நாள் கழித்து மாத்தளையிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். நூலில் சொல்லப்பட்ட செடி வேறு, நான் வருணித்த செடி வேறு என்றும், மருந்தென்று சொல்லும்போது இப்படி மாற்றக்கூடாது என்றும், திருத்தம் போடுமாறும் மரியாதையாகக் கேட்டிருந்தார். மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். "தொட்டால் சுருங்குவதெல்லாம் தொட்டாற்சுருங்கிதானே, விடும்" என்றார். விட்டுவிட்டேன். அட்டையை மேசை இழுப்பறையில் போட்டேன். அது என்னுடைய குற்றம், அவருடையதல்ல.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் வேறொரு செய்திக்காக மாத்தளைக்குப் போனபோது, மனம் உறுத்தியதால் அவரைத் தேடிச் சென்றேன். அவர் கோபிக்கவில்லை. தேநீர் தந்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஈரலிப்பான மண்மேட்டின் நிழலுக்கு அழைத்துப் போனார். "குனிந்து பாரும் தம்பி" என்றார்.

முதற் பார்வைக்கு அது ஒரு தென்னங்கன்றின் பொம்மை போல இருந்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத, கிளை விடாத மெல்லிய தண்டு. அதன் உச்சியில் மட்டும் இலைகள் குடை போல் வட்டமாக விரிந்திருந்தன. ஒவ்வோர் இலையும் இறகு போன்றது. நடுநரம்பின் இருபுறமும் சோடி சோடியாகச் சீறிலைகள். கீழ்ச் சோடிகள் சிறியவை, நுனிச் சோடி எல்லாவற்றிலும் பெரியது. குடையின் நடுவிலிருந்து நூல் போன்ற காம்புகள் எழுந்து, அவற்றின் முனையில் சின்னஞ்சிறு மஞ்சட் பூக்கள் கொத்தாக நின்றன. ஐந்து அல்லிகள், அவற்றில் இலேசான செங்கோடுகள். பத்துக் கேசரங்கள், ஐந்து நெட்டை, ஐந்து குட்டை. அவர் வில்லைக் கண்ணாடியைத் தந்து எண்ணச் சொன்னார். எண்ணினேன். முற்றிய காய் ஐந்தாகப் பிளந்து நட்சத்திரம் போல் விரிந்திருந்தது. வித்தைச் சுற்றிய சதைப்பற்றான உறை திடீரெனக் கிழியும்போது வித்துத் தெறித்துப் பறக்குமாம். புளியாரையின் குடும்பம், ஒக்சாலிடேசியே. ஒருவருடச் செடி என்று சில நூல்களும் பல்லாண்டுச் செடி என்று வேறு சிலவும் சொல்கின்றன. இதன் சாதியில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இலங்கையில் உண்டு. ஒன்றையொன்று பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம் என்றார் ஆசிரியர்.

பிறகு விரலால் மெல்லத் தட்டினார். சீறிலைகள் கீழ்நோக்கி மடிந்தன. "உம்முடைய தொட்டாற்சுருங்கி மேல்நோக்கியல்லவோ மடியும்?" என்றார். ஆம். முள்ளுச்செடியின் சீறிலைகள் மேலே கைகூப்புகின்றன, இலைக்காம்பும் சரிந்து விழுகிறது. இச்செடியோ குடையை மடக்குவது போல் கீழே மடிகிறது. இரண்டிலும் பொறிமுறை ஏறத்தாழ ஒன்றே: சீறிலையின் அடியில் வீங்கிய ஒரு மூட்டு, தொடுகை மின் துடிப்பாகப் பரவ, அம்மூட்டின் ஒரு பக்கக் கலங்களிலிருந்து உப்பு அயன்கள் வெளியேறுகின்றன, நீரும் பின்தொடர்கிறது, அப்பக்கம் தளர்கிறது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் தாவர உணர்ச்சி பற்றிய தம் சோதனைகளுக்கு இதனை வெகுவாகப் பயன்படுத்தினார். 1906 இல் வெளியான அவரது நூலில் பயோபைற்றம் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. வலுவாகத் தூண்டினால் ஒருமுறை மடிந்து நிற்காமல் அடுத்தடுத்துத் துடிக்கிறது என்று கண்டவர் அவர்.

அன்று அவர் சொன்னவற்றுள் என் மனதில் தங்கியது பெயர்க்கதைதான். முள்ளுச்செடியான மிமோசா பூடிக்கா அமெரிக்க வெப்பவலயத்துக்குரியது. கொலம்பஸ் 1492 இல் கடல் கடக்கும் வரை நம் பக்கத்தில் அதற்கு இடமில்லை. டச்சுக்காரரான வான் ரீட், இட்டி அச்சுதன் முதலான உள்ளூர் வைத்தியர்களின் துணையுடன் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக அம்ஸ்ரர்டாமில் வெளிவந்தது. அதன் ஒன்பதாம் பாகத்தில் 'தொட்டாவாடி' என்ற பெயரோடு வரையப்பட்டிருப்பது இந்த மஞ்சட் பூச்செடி. இன்று கேரளத்தில் தொட்டாவாடி என்றால் முள்ளுச்செடி. பழைய செடிக்கு அங்கே முக்குற்றி என்று பெயர். பெண்கள் சூடும் தசபுஷ்பம் பத்தில் ஒன்றாக அது மதிப்போடு வாழ்கிறது. வடமொழி வைத்தியத்தில் முள்ளுச்செடி 'லஜ்ஜாலு', இது 'விபரீத லஜ்ஜாலு'. சிங்களத்தில் முள்ளுச்செடி 'நிதிகும்பா', இது 'கஸ் நிதிகும்பா', மரநிதிகும்பா. வந்த செடி பெயரை எடுத்துக்கொள்ள, இருந்த செடி அடைமொழியோடு அலைகிறது. தமிழில் நிலச்சுருங்கி, தீண்டாநாழி என்ற பெயர்கள் நூல்களில் உண்டு. பேச்சில் நான் கேட்டதில்லை. யார் முந்தி, யார் பிந்தி என்ற வழக்கில் எங்கள் நாடு எவ்வளவு இரத்தம் சிந்தியது என்பதை அறிந்தவன் ஆகையால், இந்தக் கதையை அதற்குமேல் இழுக்க எனக்கு மனமில்லை. மருந்துச் சட்டியில் மட்டும் இந்தக் குழப்பம் கூடாது.

விடைபெறும்போது, "திருத்தம் போட்டீரோ?" என்று கேட்டார்.

"இல்லை சேர்."

"சரி, செடியையாவது பார்த்தீர்தானே" என்றார். அவர் இன்று இல்லை. அந்தப் பத்தியும் இப்போது வருவதில்லை. ஆகவே இங்கே:

திருத்தம்: 1996 இல் வெளியான மூலிகைப் பத்தியில் 'தொட்டாற்சுருங்கி' என்ற தலைப்பின்கீழ்க் கூறப்பட்ட மருந்துப் பயன்கள் யாவும் நிலச்சுருங்கிக்குரியவை. 'முள்ளுடையது, இளஞ்சிவப்புப் பூவுடையது' என்பதை 'முள்ளற்றது, மஞ்சட் பூவுடையது' எனத் திருத்தி வாசிக்கவும். தவறு எழுதியவருடையது; நூலாசிரியருடையதன்று.