ஏடு சொன்ன கணக்கு

தூத்துக்குடியில் எங்கள் பள்ளிவாசல் திண்ணையில், அஸர் தொழுகைக்குப் பின்னர்ப் பத்திரிகை படிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. கண் மங்கிய பெரியவர்களும் எழுத்தறியாத கடல் தொழிலாளரும் சுற்றி அமர்ந்திருப்பர். ஒருவர் உரத்துப் படிப்பார். அரபும் தமிழும் ஓதியவன் என்னும் பெயர் எனக்கு இருந்தமையால், முப்பத்தைந்து வயதிலேயே அப்பணி என்னிடம் வந்து சேர்ந்தது. அதை ஒரு பெருமையாகவே கருதியிருந்தேன். அந்தப் பெருமையால் நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

2005ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் மதுரையில் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் இணைத்து, ஆழமற்ற கடலைத் தோண்டி, 167 கிலோமீட்டர் நீளத்துக்கு 12 மீட்டர் ஆழமுள்ள கப்பல் வழி அமைப்பது அதன் நோக்கம். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். 1860ஆம் ஆண்டு டெய்லர் என்னும் கடற்படை அதிகாரி முன்மொழிந்ததும், 1955இல் அமைந்த இராமசாமி முதலியார் குழு ஆராய்ந்ததுமான பழைய கனவு அது. திட்டத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பு எங்கள் துறைமுகத்துக்கே தரப்பட்டிருந்தது. ஊரில் மகிழ்ச்சி பொங்கியதில் வியப்பில்லை. நானும் மகிழ்ந்தேன்.

அந்நாள்களில் ஏடுகளில் ஓர் எண் திரும்பத் திரும்ப வந்தது. இலங்கையைச் சுற்றாமற் செல்வதால் கப்பல்களுக்கு 424 கடல்மைல் வரையும், 30 மணி நேரம் வரையும் மிச்சமாகும் என்பது அரசின் அறிவிப்பு. தலையங்கத்திலும், மேடையிலும், தேநீர்க் கடையிலும் அந்த ‘30 மணி’ ஒலித்தது. ‘வரை’ என்னும் சிறு சொல் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. இலக்கணம் கற்பிக்கும் நானே அதை உதிர்த்துவிட்டுத்தான் படித்தேன்.

அக்காலத்தில் கடல் தொழிலாளர் சிலர் ஒரு விண்ணப்பத்துடன் ஜமாஅத்தின் கையொப்பம் வேண்டி வந்தனர். திட்டமே வேண்டாம் என்று அவர்கள் எழுதவில்லை. தோண்டும் இடத்திலும் மண் கொட்டும் இடத்திலும் எத்தனை நாள் தொழில் தடைப்படும், அந்த இழப்பு எவ்வாறு ஈடு செய்யப்படும் என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்தனர். நான் ஏட்டை விரித்து, 30 மணி நேர மிச்சத்தையும், எரிபொருள் மிச்சத்தையும், ஊருக்கு வரப்போகும் வருவாயையும் எடுத்துரைத்து, “இவ்வளவு பெரிய நன்மைக்கு நாம் இடையூறாக நின்றோம் என்ற பெயர் வேண்டுமா?” என்று கேட்டேன்.

அங்கே இருந்தவர்களில் ஒருவர் இளமையில் முத்துக் குளித்தவர். பின்னர்ச் சங்கு குளித்து மூப்படைந்தவர். நாங்கள் அவரைக் காக்கா என்றே அழைப்போம். அவர் மெல்லக் கேட்டார்: “ஹஜ்ரத், முப்பது மணி நேரம் மிச்சம்னு சொல்றீங்களே, அது எங்கேயிருந்து புறப்படுற கப்பலுக்கு?”

“எல்லாக் கப்பலுக்கும்தான் காக்கா. ஏட்டிலேயே போட்டிருக்கிறார்களே” என்றேன்.

“பாரிலே ஒரு மூலையிலே எடுத்த சிப்பியை வச்சு, பார் முழுசுக்கும் விலை சொன்னா ஒத்துக்குவீங்களா?” என்றார் அவர்.

முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டை இக்கரையில் ‘பார்’ என்பர். முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், சலாபம் அறிவிக்கும் முன் அரசினர் சிறிதளவு சிப்பியை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்கு வணிகரைக் கொண்டு விலை மதித்து, அதை வெளியிடுவர். அந்த அறிவிப்பை நம்பியே தொலைதூர வணிகரெல்லாம் வந்து கூடுவர். குளிப்பவருக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியதை அரசு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடும். ஆகவே, மாதிரி எடுத்த இடம் எது என்பது குளிப்பவனுக்கும் வணிகனுக்கும் வாழ்வுப் பிரச்சினை. 1955 முதல் 1961 வரை நடந்த கடைசி முத்துக்குளிப்புகளில் மூழ்கி எழுந்தவர் அவர். அந்த அனுபவத்திலிருந்து கேட்டார். எனக்கு அது விளங்கவில்லை. திண்ணையில் சிலர் சிரித்தனர். அவர் மௌனமானார். விண்ணப்பம் கையொப்பம் இன்றியே திரும்பிச் சென்றது.

நிற்க. அச்சில் வந்த ஒரு பொருளியற் கணக்குக்கு ஊரார் அறிவை வளைக்கும் ஆற்றல் எவ்வாறு வந்தது? இக்கரைக்கு அது புதிதன்று. நூறாண்டுக்கு முன்னரே அதன் நல்ல பயனை இவ்வூர் கண்டிருக்கிறது.

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899இல் நாளிதழாயிற்று. ஆங்கில ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி 1903இல் ஆங்கிலத்தில் தனி நூலே எழுதியவர் அவர். வரி, இறக்குமதி, கைத்தொழிலின் அழிவு முதலியவற்றைத் தமிழ் வாசகனின் வீட்டுப் பேச்சாக்கிய முன்னோடிகளில் அவர் முதன்மையானவர். 1906இல் பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, கப்பற் கட்டணம் என்பது நாட்டின் செல்வம் எந்தக் கைக்குப் போகிறது என்னும் வினாவோடு பிணைந்தது என்பதை உணரும் வாசகர் ஏற்கெனவே உருவாகியிருந்தனர்.

மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கி முன்வந்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். கம்பெனியின் தலைவரோ, மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். 1907இல் ‘காலியோ’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

கொழும்பு வழியை அதுவரை தன் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. பின்னர் வெள்ளையர் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் கொடுத்தது என்பர். பயணிக்கு அது கண்கூடான இலாபம். அந்தக் கண்கூடான இலாபத்துக்கு அப்பால் நோக்க மக்களைப் பழக்கியதே அன்றைய பொருளியல் எழுத்தின் சிறப்பு. இன்று இலவசமாக ஏற்றுகிறவன், போட்டியாளன் ஒழிந்த மறுநாள் என்ன கேட்பான் என்னும் வினா அதனால் எழுந்தது. வரவு ஏட்டை மட்டும் காட்டாமல் செலவு ஏட்டையும் புரட்டிக் காட்டுவதே நல்ல பொருளியல் எழுத்து.

அதன் எல்லையும் அப்போதே தெரிந்தது. எழுத்து பங்குகளை விற்கலாம், ஊக்கத்தை மூட்டலாம். நாள்தோறும் நட்டத்தில் ஓடும் கப்பலுக்கு நிலக்கரி வாங்கித் தர அதனால் இயலாது. 1908 மார்ச்சில் வ. உ. சி. சிறைப்பட்டார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது, அதன் கப்பல் போட்டியாளருக்கே விற்கப்பட்டது. அந்தப் பெருமகனாரின் பெயரை எங்கள் துறைமுகம் 2011 முதல் தாங்கி நிற்கிறது. துறைமுகத்தின் பெயர்ப்பலகையைக் காணும்போதெல்லாம் எனக்கு வெட்கமாயிருக்கும். செலவு ஏட்டையும் பார்க்கப் பழகிய ஊரில், செலவு ஏட்டைக் கேட்டு வந்த விண்ணப்பத்தை நான் திருப்பியனுப்பினேன் அல்லவா?

2007 ஜூலையில், மும்பையிலிருந்து வெளிவரும் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ என்னும் ஆங்கில வார ஏட்டில் ஜேக்கப் ஜான் என்பவர் இத்திட்டத்தின் கணக்கை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். சென்னையில் இருந்த என் பழைய மாணவர் ஒருவர் அதை அனுப்பி, என் ஆங்கிலம் குறைவுபட்ட இடங்களைத் தொலைபேசியில் விளக்கினார். அதன் சாரம் இது: பேரளவு மிச்சம் என்பது தூத்துக்குடியிலிருந்து புறப்படும் கப்பலுக்கான கணக்கு. ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்குக் கரைக்கு வரும் கப்பல்களுக்கு மிச்சம் மிகக் குறைவு. கால்வாய்க்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும். வழிகாட்டியை ஏற்ற வேண்டும். கட்டணமும் செலுத்த வேண்டும். இவற்றைக் கழித்தால் அக்கப்பல்களுக்கு நட்டமே வரக்கூடும்.

படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்து உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலால் அளந்து பார்த்தேன். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு இலங்கையைச் சுற்றிச் செல்லும் நூலுக்கும், நேரே செல்லும் நூலுக்கும் வேறுபாடு பெரிது. ஏடனிலிருந்து சென்னைக்கு நூலைப் பிடித்தால் வேறுபாடு சுருங்கிவிடுகிறது. ஏனெனில் ஏடனிலிருந்து வரும் கப்பல் முதலிலேயே இலங்கையின் தென்முனையை நோக்கித் தன் வழியைச் சாய்த்துக்கொள்கிறது. தூத்துக்குடிப் பக்கம் ஏறி வர அதற்குத் தேவையில்லை. “எங்கேயிருந்து புறப்படுற கப்பலுக்கு?” என்று எழுத்தறியாத ஒருவர் இரண்டாண்டுக்கு முன் கேட்டது இதைத்தான்.

வேலூரில் ஓதிய காலத்தில் ஹதீஸ் கலையின் முதற்பாடமாக எங்கள் உஸ்தாது கற்பித்தது ஸனதும் மத்னும். மத்ன் என்பது வாசகம். ஸனது என்பது அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர்கள் நினைவாற்றலிலும் நேர்மையிலும் எத்தகையோர் என்னும் தொடர். வாசகம் எத்துணை அழகாயினும் தொடர் முறிந்தால் அதன் தரம் தாழும். ஆண்டுக்கணக்கில் இதை ஓதிக் கொடுத்த நான், ஏட்டில் வந்த எண்ணுக்கு மட்டும் ஸனது கேட்கத் தவறினேன். அச்செழுத்தையே அறிவிப்பாளராகக் கொண்டுவிட்டேன். யார் கணக்கிட்டார், எந்த இடத்திலிருந்து அளந்தார், எதைக் கூட்டாமல் விட்டார் என்னும் மூன்று கேள்விகளை அன்று திண்ணையில் கேட்டிருந்தால், விண்ணப்பம் கையொப்பத்துடன் சென்றிருக்கும்.

ஜேக்கப் ஜானின் கணக்கே இறுதித் தீர்ப்பு என்று நான் கூறவில்லை. அதையும் அவ்வாறே உரசிப் பார்க்கலாம்; பார்க்க வேண்டும். ஆயின் அதற்கு இடமில்லாமற் போயிற்று. 2007 ஆகஸ்டு 31இல் இராமர் பாலத்துக்கு ஊறு நேரலாகாதென உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதன்பின் ஊரெங்கும் பேச்சு நம்பிக்கையைப் பற்றியதாகவே ஆயிற்று. பிறர் நம்பிக்கையை மதிப்பது நம் கடமை. எனினும், கணக்கைக் கேட்டவன் எந்தக் கட்சி என்று பார்க்கத் தொடங்கியபின் கணக்கை யாரும் பார்க்கவில்லை. பின்னர்ப் பணியும் நின்றது. பச்சௌரி தலைமையிலான குழு, பொருளாதார நோக்கிலும் சுற்றுச்சூழல் நோக்கிலும் திட்டம் ஏற்றதன்று என்று அறிக்கை தந்தது. 2013இல் அன்றைய மத்திய அரசு அதை ஏற்கவில்லை. 2023 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் இயற்றியது. மீண்டும் ஒருமுறை எண்கள் ஏடுகளில் வரலாம். அவை சரியாகவும் இருக்கலாம். ஆனால் கரையில் தொழிலை இழக்கக்கூடியவனின் நாள்களும் அந்தக் கணக்கின் ஒரு வரியாக வேண்டும்.

2007இல் அக்கட்டுரையைப் படித்த வாரமே காக்காவின் வீட்டுக்குச் சென்றேன். நோயுற்றுக் கட்டிலில் கிடந்தார். “காக்கா, அன்று நீங்கள் கேட்டது சரி. தூத்துக்குடியில் புறப்படும் கப்பலுக்குத்தான் அந்தக் கணக்காம். உங்களை நாலு பேர் சிரிக்கும்படி செய்துவிட்டேன்; மன்னித்துவிடுங்கள்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரியோ தப்போ எனக்கு என்ன தெரியும் ஹஜ்ரத்? தெரியாமத்தானே கேட்டேன்” என்றார்.

அவர் மர்ஹூமாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. திண்ணையில் இன்றும் பத்திரிகை படிக்கிறேன். எண் வரும் இடத்தில் சற்று நிறுத்தி, ‘வரை’ என்றிருந்தால் அதையும் அழுத்தமாகப் படித்துவிட்டு, யாரேனும் ஏதேனும் கேட்கிறார்களா என்று முகங்களைப் பார்க்கிறேன்.