பன்னிரண்டு புள்ளி

போன வாரம் எங்க டீமுக்குப் புதுசா வந்த பையன் ஒருத்தன் போனைத் தூக்கிக்கிட்டு வந்து, "அண்ணா, நீங்க புட்பால் எல்லாம் பாப்பீங்களாமே. இந்த ஞாயித்துக்கிழமை யாரு ஜெயிப்பாங்க? சும்மா ஒரு ஐம்பது டாலர் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்"னு கேட்டான். அவ்வளவுதான், நம்ம கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிருச்சு. நேரா 2008 பிப்ரவரிக்குப் போய் நின்னுது.

அப்போ நான் லாஸ் வேகாஸ்ல ஒரு காண்ட்ராக்ட் வேலையில இருந்தேன். கல்யாணம் ஆகல. பக்கத்து அபார்ட்மெண்ட்ல அண்ணாச்சி. அம்பாசமுத்திரம் பக்கம். அங்கே ஒரு உணவகத்துல சமையல் வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா எனக்கும் சேர்த்து சொதியோ புளிக்குழம்போ வைப்பார். நான் பதிலுக்கு என் டி.வி.யில அவருக்கு அமெரிக்கக் கால்பந்து காட்டுவேன். "காலால உதைக்கிறதே இல்ல, இதுக்குப் பேரு கால்பந்தாக்கும்?"னு முதல்ல கிண்டல் பண்ணினவர், ரெண்டே மாசத்துல டச்டவுனுக்கு எந்திரிச்சுக் குதிக்கிற அளவுக்கு வந்துட்டார்.

ஐயாவுக்குத்தான் எக்செல்னா உசிராச்சே. வாராவாரம் ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு முன்னோட்டம் தயார் பண்ணி நாலஞ்சு நண்பர்களுக்கு மெயில் அனுப்புவேன். எந்த அணி எத்தனை புள்ளி எடுத்துச்சு, எத்தனை விட்டுக் குடுத்துச்சு, யார் ஜெயிப்பாங்க, எல்லாம் கலர் கலரா இருக்கும். அண்ணாச்சிக்கு மட்டும் பிரிண்ட் எடுத்துக் கையில குடுப்பேன்.

அந்த வருஷ சூப்பர் பௌல், 2008 பிப்ரவரி 3. அரிசோனாவுல கிளெண்டேல்ல ஆட்டம். ஒரு பக்கம் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். 16 லீக் ஆட்டமும் ஜெயிச்சு, பிளேஆஃப்ல ரெண்டும் ஜெயிச்சு, 18-0. டாம் பிராடி 50 டச்டவுன் எறிஞ்சிருந்தார். அதுல 23 ராண்டி மாஸ் பிடிச்சது. ரெண்டுமே அன்னைய தேதிக்கு சாதனை. எதிர்ப்பக்கம் நியூயார்க் ஜயண்ட்ஸ், 10-6. பின்வாசல் வழியா பிளேஆஃப் உள்ளே வந்து, மூணு ஆட்டத்தையும் வெளியூர்லயே ஜெயிச்சு வந்த அணி.

இந்த ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம் பந்தயக் கணக்கு சொல்லிடறேன். 18-0 அணி ஜெயிக்கும்னு எல்லாரும் சொல்லுவான். அப்படி விட்டா பந்தயக் கடைக்காரன் கடையை மூட வேண்டியதுதான். அதனால 'ஸ்ப்ரெட்'னு ஒரு நம்பர் வைப்பான். பேட்ரியாட்ஸுக்கு 12 புள்ளின்னு வச்சா, பேட்ரியாட்ஸ் மேல பணம் கட்டினவனுக்கு அவங்க சும்மா ஜெயிச்சாப் பத்தாது. 13 புள்ளி வித்தியாசத்துலயாவது ஜெயிக்கணும். சரியா 12ன்னா போட்ட காசு திரும்பி வரும். அதுக்குக் கீழன்னா போச்சு. ஜயண்ட்ஸ் மேல கட்டினவனுக்கோ, அவங்க 11 புள்ளியில தோத்தாக்கூடப் பணம் வரும்.

அடுத்து கடைக்காரனோட கமிஷன். 110 டாலர் கட்டி ஜெயிச்சா லாபம் 100 தான். தோத்தா 110-ம் போகும். நூறு தடவை கட்டி, சரியா ஐம்பது தடவை ஜெயிச்சாலும் கையிலிருந்து 500 டாலர் போயிருக்கும். நஷ்டமில்லாம தப்பிக்கவே நூத்துக்கு 52.4 தடவை சரியாச் சொல்லணும். சும்மா இல்ல, அந்த ஊர்ல அவ்வளவு லைட்டு எரியறது!

என் எக்செல் என்ன சொல்லுச்சுன்னா, பேட்ரியாட்ஸ் 16 ஆட்டத்துல எடுத்தது 589 புள்ளி, விட்டது 274. ஆட்டத்துக்கு சராசரியா 19.7 புள்ளி முன்னிலை. ஜயண்ட்ஸ் எடுத்தது 373, விட்டது 351. முன்னிலை வெறும் 1.4. கழிச்சுப் பார்த்தா 18 புள்ளிக்கு மேல வித்தியாசம். கடைக்காரன் 12 தான் கேக்கறான். அதுவும் 13-க்கு மேல ஆரம்பிச்சு, பணம் ஜயண்ட்ஸ் பக்கமாக் கொட்டினதுல கீழே இறங்கி வந்திருந்தது. நான் அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்? "ஆஹா, தள்ளுபடி விலை!"ன்னு.

முன்னோட்டத்து உச்சியில கொட்டை எழுத்துல போட்டேன்: பேட்ரியாட்ஸ் ஜெயிக்கும். அதுக்குக் கீழ, சின்ன எழுத்துல, 12 கழிச்சும் ஜெயிக்கும்னு.

சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒரு பந்தயக் கடைக்குப் போனோம். நீள வரிசை. நான் 110 கட்டினேன். அண்ணாச்சி ஒரு நூறோ இருநூறோ கட்டுவார்னு நினைச்சேன். அவர் சட்டைக்குள்ள கையை விட்டு ஒரு கவரை எடுத்தார். 1,100 டாலர். அது ஊருக்குப் போக டிக்கெட்டுக்குன்னு சேர்த்து வச்ச காசுன்னு எனக்குத் தெரியும். அவரோட தங்கச்சி மகளுக்கு வைகாசியில சடங்கு. தாய்மாமன் இவர்தான். மூணு வருஷமா ஊர்ப் பக்கம் போகல.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவா?"

"டிக்கெட்டுக்குக் காசு இருக்கு தம்பி. பிள்ளைக்குக் கம்மல் எடுக்கத்தான் இல்ல. வெறுங்கையோட போய் நிக்க முடியுமா? ஆயிரம் கூட வந்துட்டுன்னா ரெண்டும் ஆச்சு. நீதான் ஜெயிப்பானுவன்னு எழுதியிருக்கியே?"

அந்த இடத்துல நான் என்ன சொல்லியிருக்கணும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "பாத்து அண்ணாச்சி"ன்னேன். அவ்வளவுதான். என் கணக்கை ஒருத்தர் இவ்வளவு நம்புறாரேன்னு உள்ளுக்குள்ள கொஞ்சம் குளுகுளுன்னு கூட இருந்துச்சு. அதை ஒத்துக்கத்தான் இந்தப் பதிவே.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் ரூம்ல ஆட்டம். அண்ணாச்சிக்கு எட்டு மணிக்கு ஷிப்ட். பாதி ஆட்டம் முடியறப்போ பேட்ரியாட்ஸ் 7, ஜயண்ட்ஸ் 3. எனக்கு அப்பவே வயித்தைக் கலக்க ஆரம்பிச்சிருச்சு. ஆட்டத்துக்கு சராசரியா 36.8 புள்ளி எடுத்த அணி இப்படி நொண்டுதேன்னு. ஜயண்ட்ஸ் ஆளுங்க பிராடியைப் பந்தை எறியவே விடல. எறியறதுக்கு முன்னாடியே ஆளைப் புடிச்சு அமுக்கிப் போடறதுக்குப் பேரு 'சாக்'. அந்த சீசன்ல அதுல முதலிடமே ஜயண்ட்ஸ்தான், 53 தடவை. அந்தக் காலத்தையே என் எக்செல்ல நான் போடல. 16 லீக் ஆட்டத்துல மொத்தமே 21 தடவை அமுக்கப்பட்ட பிராடியை அன்னைக்கு ஒரே ஆட்டத்துல 5 தடவை அமுக்கினாங்க.

நாலாவது கால்பகுதியில ஜயண்ட்ஸ் 10-7ன்னு முந்திச்சு. அண்ணாச்சி முகம் செத்துப் போச்சு. அப்புறம் 2 நிமிஷம் 42 விநாடி பாக்கி இருக்கறப்போ பிராடி எறிய, ராண்டி மாஸ் பிடிக்க, டச்டவுன். பேட்ரியாட்ஸ் 14-10.

அண்ணாச்சி துள்ளிக் குதிச்சார். "ஜெயிச்சாச்சு தம்பி! ஜெயிச்சாச்சு!"ன்னு என் தோளைப் புடிச்சு உலுக்கினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு.

எனக்கு அப்போதான் உறைச்சுது. அவருக்கு அந்த 12 புரியவே இல்ல. சின்ன எழுத்துல போட்டதை அவர் படிச்சிருக்கலாம், நான் வாயாலயும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனா அவர் மனசுல நின்னது கொட்டை எழுத்துதான்: பேட்ரியாட்ஸ் ஜெயிக்கும். 14-10ன்னா முன்னிலை 4. நமக்கு வேண்டியது 13. இருக்கிறது ரெண்டே முக்கால் நிமிஷம் கூட இல்ல. இனி பேட்ரியாட்ஸ் ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்த 1,100 போனது போனதுதான். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம டி.வி.யையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

அதுக்கப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஈலை மேனிங் எதிராளிங்க பிடியிலிருந்து சட்டை கிழியாத குறையாத் தப்பிச்சு எறிஞ்ச பந்தை, டேவிட் டைரி எகிறித் தன் ஹெல்மெட்டோட ஒட்டிப் பிடிச்சார். 32 யார்டு. கொஞ்ச நேரத்துல, 35 விநாடி பாக்கியில பிளாக்ஸிகோ பர்ரஸ் டச்டவுன். ஜயண்ட்ஸ் 17, பேட்ரியாட்ஸ் 14.

அண்ணாச்சி ரொம்ப நேரம் எதுவும் பேசல. "ஒத்தப் பந்துல போயிட்டே தம்பி"ன்னு மட்டும் சொன்னார். தட்டைக் கழுவி வச்சுட்டு ஷிப்டுக்குக் கிளம்பிட்டார். அந்த வைகாசியில அவர் ஊருக்குப் போகல. லீவு கிடைக்கலன்னு தங்கச்சிகிட்ட சொன்னார். சித்தப்பா மகன் ஒருத்தர் தாய்மாமன் இடத்துல நின்னு சீர்த்தட்டைப் பிடிச்சிருக்கிற போட்டோ தபால்ல வந்துச்சு. எங்கிட்டயும் காட்டினார்.

நான் விட்ட கோட்டை என்னன்னு அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். பேட்ரியாட்ஸோட முதல் 10 ஆட்டத்துல சராசரி முன்னிலை 25.4. அடுத்த 6 ஆட்டத்துல 10.2 தான். ஈகிள்ஸை 3 புள்ளியில, ரேவன்ஸை 3 புள்ளியில, கடைசி லீக் ஆட்டத்துல இதே ஜயண்ட்ஸை 38-35ன்னு 3 புள்ளியிலதான் ஜெயிச்சிருந்தாங்க. பிளேஆஃப்ல 11, 9. அதாவது சூப்பர் பௌலுக்கு முந்தின 8 ஆட்டத்துல 12-ஐத் தாண்டினது ரெண்டே தடவை! எல்லாம் என் ஷீட்லயே இருந்துச்சு. நான் மொத்தமாக் கூட்டி வகுத்து அதை மறைச்சு வச்சிருந்தேன். தள்ளுபடின்னு நான் நினைச்சது, விவரம் தெரிஞ்சவங்க பணம் எந்தப் பக்கம் போகுதுங்கிற சேதி.

இன்னொண்ணு. ஹால் ஸ்டெர்ன்னு ஒரு புள்ளியியல் அறிஞர் 1991-ல எழுதின கட்டுரை ஒண்ணு இருக்கு. ஸ்ப்ரெட்டுக்கும் நிஜ முடிவுக்கும் நடுவுல வர்ற வித்தியாசத்துக்குத் திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 14 புள்ளின்னு கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். அதை இங்கே வச்சுப் பார்த்தா, 12 புள்ளி பலசாலியான அணி ஜெயிக்க நூத்துக்கு 80 வாய்ப்பு. தோக்க 20. அஞ்சுல ஒண்ணு அதிசயமே இல்ல. ஆனா அந்த 12-ஐத் தாண்டி ஜெயிக்க? பாதிக்குப் பாதிதான். கொட்டை எழுத்துல நான் போட்டது 80. அண்ணாச்சி கவரைக் குடுத்து வாங்கினது 50. அதுலயும் கமிஷன் தனி.

அன்னைக்கு நெவாடா முழுக்க இந்த ஆட்டத்துக்கு விழுந்த பணம் சுமார் 9.2 கோடி டாலர். கடைக்காரங்களே மொத்தமா சுமார் 26 லட்சம் டாலர் நஷ்டப்பட்டாங்க. ஸ்ப்ரெட் எல்லாம் வேண்டாம், ஜயண்ட்ஸ் நேராவே ஜெயிக்கும்னு கட்டினவங்க நிறைய பேராம். கடைக்காரனே தோத்த நாள்லயும் தோத்த ஆளுங்க நாங்க.

அண்ணாச்சி ஊருக்குத் திரும்பிப் போய் இப்போ ஒரு சின்ன மெஸ் வச்சிருக்கார். போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ பார்த்தேன். சாப்பிட வந்தவங்ககிட்ட அந்த ஹெல்மெட் கதையைத்தான் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கிட்டிருந்தார். கூட்டம் கலைஞ்சதும் மனசு கேக்காம சொல்லிட்டேன். 14-10 ஆனப்பவே நம்ம காசு போயிருச்சு அண்ணாச்சி, அந்தப் பந்தை அவன் பிடிக்காம விட்டிருந்தாலும் போனதுதான்னு.

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்போ இத்தனை வருசமா அந்தப் பயல சும்மாவா ஏசிக்கிட்டுக் கெடக்கேன்?"னு சிரிச்சார். அப்புறம் இலையை மடிச்சு எடுத்துக்கிட்டே சொன்னார்:

"நான் துள்ளுதேன், நீ மட்டும் ஏன் துள்ளாம நிக்கேன்னு அன்னைக்கே நெனச்சேன் தம்பி."

எனக்குப் பதில் வரல.

2018 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழைய தடைச் சட்டத்தைத் தூக்கினதிலிருந்து, இந்த வேலைக்கு வேகாஸ் வரைக்கும் போகத் தேவையில்லாமப் போச்சு. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல சட்டப்படியே பந்தயம் கட்டலாம், பெரும்பாலும் போன்லயே. கவரை வெளியே எடுக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்க்கக்கூட ஆள் கிடையாது.

ஆபீஸ் பையனுக்கு யார் ஜெயிப்பாங்கன்னு நான் சொல்லல. ஒரு தாள்ல மூணு வரி எழுதிக் குடுத்தேன். ஜெயிக்க எத்தனை சதவீத வாய்ப்பு, ஸ்ப்ரெட்டைத் தாண்ட எத்தனை சதவீதம், இந்த ஐம்பது டாலர் எதுக்கு வச்சிருந்த காசு. மூணுமே ஒரே அளவு எழுத்துல.

மூணாவது வரியைப் பார்த்துட்டு, "அண்ணா, ரொம்ப மொக்கை போடறீங்க"ன்னான். போட்டானா இல்லையான்னு நான் கேக்கல.

டிஸ்கி: அந்தப் பழைய எக்செல் ஷீட் இன்னும் எங்கிட்ட இருக்கு. கொட்டை எழுத்தை மட்டும் மாத்தவே இல்ல.