சேணத்தில் ஏறுமுன்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நான் சந்திக்கும் குடும்பங்களில் கொடைக்கானல் பயணப் பேச்சு எழுந்துவிடும். பெரியோர் அங்குள்ள குளிர்ச்சியை எண்ணுவர். பிள்ளைகளோ ஏரிக்கரைக் குதிரையை எண்ணுவர். எலியட்ஸ் கடற்கரை மணலில் சிறிது தொலைவு சவாரி செய்து பழகிய பிள்ளைக்கு, 1863-இல் வெர் லெவிஞ்சின் முயற்சியால் உருவான அந்த ஏரியை, ஏறத்தாழ 5 கிலோமீட்டர், குதிரைமீது சுற்றிவருவது பெருங்கனவன்றோ! அக்கனவு இனிதே நிறைவேற வேண்டுமாயின் முன்னேற்பாடு தேவை.

குதிரையின் குணமறிந்தே ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பது நம்மவர் பழமொழி. என் அனுபவத்தில், குதிரை பொல்லாத விலங்கன்று; அஞ்சும் விலங்கு. அதன் கண்கள் முகத்தின் இருபுறமும் அமைந்திருப்பதால், தனக்கு நேர் பின்னால் நிற்பவரை அது காண இயலாது. காணாத ஒன்று தீண்டும்போது அஞ்சி உதைக்கிறது. ஆதலால் பின்புறமாக நெருங்கலாகாது. இடத்தோளின் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே அணுகுங்கள். கழுத்தைத் தடவிக் கொடுங்கள்.

அடுத்து, உடையும் காலணியும். நான் நன்கறிந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன், மலைநகர் ஒன்றில் ரப்பர் செருப்புடன் குதிரை ஏறினான். சரிந்து விழுந்தபோது அவன் பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்து சிக்கிக்கொண்டது. சில அடி தூரம் இழுபட்டு, கை முறிந்தது. குதிரைக்காரர் ஓடிவந்து நிறுத்தியிராவிடில் என்ன நேர்ந்திருக்குமோ! சிறிது குதியுள்ள, மூடிய காலணியே தக்கது. முன்பாதம் மட்டும் அங்கவடியில் பதிய, குதிகால் தாழ்ந்திருக்கட்டும். தொங்கும் துப்பட்டாவும் சேலையும் வேண்டா. தலைக்கவசம் இன்றியமையாதது; கிடைக்குமோ கிடைக்காதோ எனக் காத்திராமல் இங்கிருந்தே கொண்டுசெல்லுங்கள்.

சென்னைத் தீவுத்திடலில் 1839-இல் நிறுவப்பெற்ற சர் தாமஸ் மன்றோவின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். சேணமும் அங்கவடியுமின்றி அவர் கம்பீரமாக வீற்றிருக்கிறார். வெண்கலக் குதிரை மிரளாது. ஆகவே அவருக்குக் கவலையில்லை! உயிருள்ள குதிரையில் ஏறும் நாமோ, சேணத்தின் வயிற்றுவார் இறுகியுள்ளதா எனக் குதிரைக்காரரைக் கொண்டு சோதிக்க வேண்டும். வார் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்வதுண்டு; சற்று நடந்தபின் வார் தளர்ந்துவிடும். எனவே இரண்டாம் முறையும் பார்ப்பது நன்று.

வழியில் முன்செல்லும் குதிரைக்கும் உங்கள் குதிரைக்கும் ஒரு குதிரை நீளமேனும் இடைவெளி இருக்கட்டும். கடிவாள வாரைக் கையில் சுற்றிக் கட்டாதீர்கள். ஏற்றத்தில் சற்றே முன்சாய்ந்தும், இறக்கத்தில் நிமிர்ந்தும் அமருங்கள். படம் எடுப்பதற்காகக் குதிரையை விரட்டுமாறு கேட்பது அறிவீனம்.

இறுதியாக, சுமக்கும் உயிரையும் எண்ணுவோம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பர். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 50 கிலோவே எல்லை. ஒரே குதிரையில் தந்தையும் மகனும் ஏறுவது தகுமா? முதுகில் புண்ணோ, நடையில் நொண்டலோ தென்பட்டால் வேறு குதிரை கேளுங்கள். சவாரி முடிந்ததும் அதற்குத் தண்ணீர் காட்டினார்களா என்று விசாரியுங்கள். குதிரைக்காரருக்குப் பேசிய கூலியை முகமலர்ச்சியோடு கொடுங்கள். பிள்ளைகள் இவற்றையும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.