கட்டுபவன் காணாத கடல்

அமானிதம் என்ற சொல்லைக் கேட்டவுடன், ஹஜ்ஜுப் பயணம் புறப்படுவோர் உறவினரிடம் ஒப்படைத்துச் செல்லும் நகையும் பணமுமே நம்மில் பலருக்கு நினைவில் எழும். ஆயின் வாணிபத்தையும் கடற்பயணத்தையும் வாழ்வாகக் கொண்ட சமுதாயத்திற்கு அச்சொல்லின் பொருள் இன்னும் அகன்றது. ஒருவர் விளைவித்ததை ஒருவர் வாங்குகின்றார், வேறொருவர் ஏற்றுகின்றார், முகமறியாத ஒருவர் அக்கரையில் இறக்குகின்றார். இத்தனை கைகள் மாறிச் செல்லும் ஒவ்வொரு சிப்பமும் ஓர் அமானிதம். அச்சிப்பத்தின் அருகில் நின்று உழைக்கும் மனிதனின் உயிர் அதனினும் பெரிய அமானிதம். இவ்விரண்டையும் காப்பது சரக்கைச் செம்மையாக அடுக்கிக் கட்டும் கலை. அதனைத் தொழிலாளர்க்கு முறையாகக் கற்பிப்பது பற்றியே சில சொல்ல விரும்புகின்றேன்.

காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் பரங்கிப்பேட்டையும் மரக்கலங்களால் வளர்ந்த ஊர்கள். நாம் நாள்தோறும் வழங்கும் ‘மாலுமி’ என்ற சொல், ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது என்பர் அகராதியாளர். முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். கடலில் வழிகாட்டுபவரை ஆசிரியர் என்றே நம் முன்னோர் அழைத்தனர் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது.

தூத்துக்குடியில் சரக்குக் கணக்கெழுதும் பணியில் பல்லாண்டுகள் கழித்தவன் நான். பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கேற்றுவதை அருகிலிருந்து கண்டிருக்கின்றேன். கனத்தது அடியில், இலேசானது மேலே. ஈரம் படலாகாதது நடுவில். மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையே வெற்றிடம் விடலாகாது என்பன எழுதப்படாத விதிகள். அடுக்குவோரைத் தண்டல் கண்கொத்திப் பாம்பாக நின்று கவனிப்பார். ஒரு மூட்டை சரிந்திருந்தால் பிரித்து மீண்டும் அடுக்கச் சொல்வார். அவர் கண்டிப்புக்குக் காரணம் எளிது. அந்தத் தோணியில் ஏறிக் கடலுக்குள் போகப்போகின்றவரும் அவரே. நடுக்கடலில் சரக்கு ஒருபுறம் சாய்ந்தால் முதலில் நனையும் உயிர் அவருடையது. அடுக்கியவர்களுள் சிலர் அவரோடு பயணமும் போயினர். எனவே கற்பிக்கும் வேலையைக் கடலே செய்தது.

இந்த நிலையைக் கண்டெய்னர் மாற்றியது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறையிலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 சரக்குப் பெட்டிகளுடன் ஹூஸ்டனை நோக்கிப் புறப்பட்டது. அன்று தொடங்கிய மாற்றம் உலக வாணிபத்தையே புரட்டிப்போட்டது. இன்று கடலிலிருந்து நூறு கல் தொலைவிலுள்ள ஒரு கிட்டங்கியில் ஒருவர் பெட்டியை நிரப்பிக் கதவடைத்து முத்திரையிடுகின்றார். லாரி ஓட்டுநர் உள்ளே இருப்பதைப் பாராமலே ஓட்டுகின்றார். துறைமுகத் தொழிலாளி பெட்டியைக் கப்பலின் மேல்தட்டில் இரும்புக் கம்பிகளால் பிணைக்கின்றார். கடலோடி அதன்மேல் ஒரு திங்கள் காலம் வாழ்கின்றார். அயல்நாட்டில் ஒருவர் கதவைத் திறக்கின்றார். ஒருவர் செய்ததை மற்றவர் காண்பதில்லை. கட்டியவன் கடலைக் காணான். கடலைக் காண்பவன் கட்டை அவிழ்த்துப் பார்க்க இயலான். பயிற்சி என்பது இன்று கட்டாயமாகிவிட்டதன் காரணம் இதுவே. கட்டுபவன் காணாத கடலை அவன் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதே அப்பயிற்சியின் முதற்கடமை.

ஓய்வுபெற்ற பின்னர் ஏற்றுமதிக் கிட்டங்கியொன்றில் தொழிலாளர்க்குத் தமிழில் பாடம் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. முதல் நாளே நடுவயதுத் தொழிலாளி ஒருவர் எழுந்து கேட்டார்: “பாய், பத்து டன் கல்லு அதோட பாரத்துலயே அசையாம உட்கார்ந்திருக்குமே, அதுக்கு எதுக்குக் கட்டு?” அறிவுடையோரும் நம்பும் பிழை அது. கனமான பொருளைத் தரை இறுகப் பிடித்திருக்கும் என்பது மெய்யே. ஆனால் லாரி திடீரென நிற்கும்போதும் கப்பல் உருளும்போதும் அதனைத் தள்ளும் விசையும் அதே அளவில் கூடிவிடுகின்றது. சரக்குப் பெட்டிகளை நிரப்புவது குறித்து உலகக் கடல்சார் அமைப்பும், உலகத் தொழிலாளர் அமைப்பும், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் இணைந்து வகுத்த நெறிமுறை 2014-இல் ஏற்கப்பட்டது. அதன்படி, சாலையில் சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கித் தள்ளும் என்று கருதிக் கட்டவேண்டும். கொந்தளிப்பான கடலில் அதே எட்டுப் பங்கு பக்கவாட்டில் தள்ளும் எனக் கொள்ளவேண்டும். பத்து டன் கல்லுக்கு அது எட்டு டன். தரையின் உராய்வு மூன்று டன்னைத் தாங்குவதாகக் கொண்டாலும், மீதி ஐந்து டன்னைக் கயிறும் ஆப்பும் முட்டுக்கட்டையுமே தாங்கியாக வேண்டும்.

இதனை எண்களால் விளக்கியபோது முகங்களில் ஐயமே தெரிந்தது. ஒரு பலகையும் செங்கல்லும் கொண்டுவரச் செய்தேன். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினால் ஓரளவுக்கு மேல் செங்கல் சறுக்கி விழும். இரண்டாவது செங்கல்லை முதலதன்மேல் வைத்து உயர்த்தினாலும் ஏறத்தாழ அதே சாய்வில்தான் சறுக்கும். எடை இரட்டித்தும் பயனில்லை. பின்னர் அடியில் ஒரு ரப்பர் விரிப்பை வைத்து உயர்த்தினேன். பலகை முன்னினும் செங்குத்தாக நிமிர்ந்த பிறகே செங்கல் அசைந்தது. கேள்வி கேட்டவர் தாமே வந்து மும்முறை செய்து பார்த்தார். “அப்போ பாரம் காப்பாத்தாது, பிடிப்புதான் காப்பாத்தும்” என்றார். நூறு பக்க நூலின் சாரத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கயிற்றின் பாடமும் அத்தகையதே. சரக்கின் மேலாகப் போட்டு இறுக்கும் பட்டை செங்குத்தாக இறங்கினால் அதன் இறுக்கம் முழுவதும் சரக்கைத் தரையோடு அழுத்தும். தரைக்கு முப்பது பாகைச் சாய்வில் இறங்கினால் பாதிதான் அழுத்தும். ஆகவே தாழ்வான சரக்கின்மேல் நான்கு பட்டை போட்டுவிட்டோம் என நிறைவடைபவர் மெய்யில் இரண்டு பட்டைதான் போட்டிருக்கின்றார். கூர்மையான விளிம்பில் உராயும் பட்டை அறுந்துபோகும். அங்கே காப்புத்தகடு வேண்டும். இழுவிசையில் இருக்கும் கம்பியின் நேரே நிற்றல் ஆகாது. அறுந்தால் அது சாட்டையாய்த் திரும்பும். தூக்கிய பாரத்தின் கீழ் எவரும் நடத்தல் ஆகாது. இவற்றை ‘செய்யாதே’ என்ற பலகையாக எழுதி மாட்டினால் எவரும் படிப்பதில்லை. ஏன் என்று காட்டினால் மறப்பதில்லை.

எடையை உள்ளவாறு சொல்வதும் இக்கலையின் ஒரு பகுதியே. ‘எம்.எஸ்.சி. நெப்போலி’ என்ற கப்பல் 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் உடைந்தபோது, மேல்தட்டில் நனையாதிருந்த 660 பெட்டிகளை எடைபோட்டனர். அவற்றுள் 137 பெட்டிகளின் எடை, அறிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. கப்பல் உடைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் இந்தப் பொய்யெடை உலகை விழிக்கச் செய்தது. 2016 ஜூலை 1 முதல் எடை சரிபார்க்கப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்றலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரை மறை எவ்வளவு கடுமையாக எச்சரிக்கின்றது என்பதை நம் வணிகர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரக்கின் இயல்பை அறியாமை இன்னும் கொடியது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளோடு, எளிதில் தீப்பற்றும் பஞ்சுப் பொதிகளையும் அது சுமந்திருந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அன்று மாண்ட தீயணைப்பு வீரரின் நினைவாகவே ஏப்ரல் 14 நம் நாட்டில் தீயணைப்புத்துறை நாளாக அனுசரிக்கப்படுகின்றது. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ எரிந்தது. அதற்கு முன்பே, அது ஏற்றிவந்த நைட்ரிக் அமிலப் பெட்டியொன்றில் கசிவு கண்டறியப்பட்டிருந்தது. கப்பல் மூழ்கியபின் கரையெங்கும் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளால் வலைவீசிப் பிழைக்கும் குடும்பங்கள் பல நாள் அடுப்பெரியாமல் தவித்தன. அவர்களுள் எவரும் அச்சரக்குக்கு உடையவரும் அல்லர், ஏற்றியவரும் அல்லர்.

நமக்குப் பழக்கமான பொருள்களிலும் ஆபத்து உறைகின்றது. கொப்பரை ஈரத்தால் தானே சூடேறும். மூடிய அறையின் உயிர்க்காற்றையும் உறிஞ்சிவிடும். மரக்கட்டைகளும் நிலக்கரியும் அவ்வாறே. காற்றைச் சோதியாது கீழ்த்தட்டில் இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைக் காக்க இறங்கியவரும் மடிவது துறைமுகங்களில் திரும்பத் திரும்ப நிகழும் அவலம். பூச்சிமருந்துப் புகையிட்ட கண்டெய்னரை எச்சரிக்கைத் தாளைப் படியாமல் திறப்பதும் அத்தகையதே.

நம் வீடுகளில் சபர் போன ஒருவராவது இல்லாத வீடு அரிது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கிட்டங்கிகளில் உழைப்போர் பலர். என் தமக்கையின் மகனும் அவ்வாறு போனவன். ஒரு நாள் கண்டெய்னரின் கதவைத் திறந்தபோது, கதவின்மேல் சாய்ந்து கிடந்த மரப்பெட்டிகள் அவன்மேல் சரிந்தன. இடக்கால் நசுங்கியது. எங்கோ ஒரு கிட்டங்கியில், கடைசி வரிசைக்கும் கதவுக்கும் இடையே ஒரு குறுக்குக் கட்டையை எவரோ வைக்காமல் விட்டார். அவர் தீயவராக இருந்திருக்க மாட்டார். கதவைத் திறப்பவன் ஒருவன் உண்டென்று அவருக்கு எவரும் சொல்லியிரார். கைத்தடியுடன் ஊர் திரும்பிய பிள்ளையைக் காணவந்தோரெல்லாம் “விதி” என்றனர். அவர்கள் போனபின் அவன் என்னிடம், “மாமா, விதின்னு சொல்றாங்க. ஒரு கட்டை வைச்சிருந்தா இது வேற விதியா இருந்திருக்குமே” என்றான்.

இறைவனின் விதியை நம்புவது ஈமானின் பகுதி. அதனை நம் சோம்பலுக்குத் திரையாக்குவது ஈமான் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டாமலே இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டலாமா எனக் கேட்டவருக்கு, முதலில் அதனைக் கட்டும்படியும் பின்னர் பொறுப்புச் சாட்டும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. தவக்குலுக்கு முன் ஒரு கயிறு உண்டு என்பதே அதிலிருந்து நான் பெற்ற பாடம். நூஹ் நபி (அலை) அவர்களும் வெள்ளம் வருமுன் மரக்கலம் சமைக்கவே பணிக்கப்பட்டார்கள்.

சட்டத்தில் குறையில்லை. துறைமுக வேலையின் ஆபத்துகளையும் முன்னெச்சரிக்கைகளையும் கற்பிக்காமல் எவரையும் அவ்வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று, 1979-இல் ஏற்கப்பட்ட உலகத் தொழிலாளர் அமைப்பின் 152-ஆம் உடன்படிக்கை கூறுகின்றது. இந்தியாவில் 1986-இல் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அது அடங்கியது. ஆயினும் பெட்டி எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவனுக்குப் பாடம் கேட்கும் அரைநாள் கூலியிழந்த அரைநாளே. பட்டையின் விலையை மிச்சம் பிடிக்கும் முதலாளிக்குப் பயிற்சியும் வீண்செலவே. இவ்விரண்டும் மாறாதவரை சட்டம் ஏட்டிலேயே இருக்கும்.

நம் குடும்பங்களில் கிட்டங்கி வைத்திருப்போர் உளர். லாரி வைத்திருப்போர் உளர். ஏற்றுமதி செய்வோர் உளர். அவர்களிடம் நான் வேண்டுவன மூன்று. பயிற்சி நேரத்திற்குக் கூலி கொடுங்கள். பாடத்தைத் தொழிலாளியின் தாய்மொழியில், கையால் செய்துகாட்டிச் சொல்லுங்கள். கட்டு சரியில்லை என்று கடைநிலைத் தொழிலாளி சொன்னால் அந்தப் பெட்டி நகரக்கூடாது என்ற உரிமையை அவனுக்கு அளியுங்கள். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு பெட்டி சரக்கின் சேதத்தைவிடச் சிறியது. ஒரு காலின் விலையோடு அதனை ஒப்பிடவே இயலாது.

கடலோடிக்கு ஆசிரியர் எனப் பெயரிட்ட மரபில் வந்தவர்கள் நாம். இன்று கரையிலிருக்கும் தொழிலாளிக்கு ஆசிரியர் தேவைப்படுகின்றார். அவன் கட்டும் ஒவ்வொரு முடிச்சின் மறுமுனையிலும் அவன் காணாத ஒரு மனிதன் நிற்கின்றான் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு. அந்த மனிதன் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.